பார்சல்தானே?

லிட்டில் இந்தியாவில் மீன்தலைக் கறிக்குப் பேர்போன கடை. துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் என் தம்பி, ஞாயிறு ஷிப்ட் முடித்து வேலைச் சட்டையோடு நேராக வந்திருக்கிறான். அவனோடு உட்கார்ந்து சாப்பிடத்தான் திருச்சியிலிருந்து வந்திருக்கிறேன்.

கடைக்காரர் எனக்கு மட்டும் இலை போடுகிறார். அவனைப் பார்த்து, "உனக்குப் பார்சல்தானே?" என்கிறார்.

"ஏன், அவன் உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா?" என் சத்தத்துக்குப் பக்கத்து மேசைகள் திரும்புகின்றன.

"கோவிச்சுக்காதீங்க சார். இந்தச் சட்டை போட்டவங்க எப்பவும் பார்சல்தான் லா."

"விடுண்ணே," என்று தம்பி என் கையை அழுத்துகிறான்.

இரண்டாவது இலை வருகிறது. மீனும் வருகிறது. கோபத்தில் எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. தம்பி ருசித்துச் சாப்பிட்டுவிட்டு இலையைத் தன் பக்கம் மடிக்கிறான். நான் கடைக்காரர் பார்க்கும்படி, இழவு வீட்டில் மடிப்பதுபோல் எதிர்ப்பக்கம் மடித்துவிட்டு எழுகிறேன்.