கச்சான் எழும்பினால்

எங்கள் வீட்டு வளவுக்கு மேற்கே ஒருவர் சுண்ணாம்புச் சூளை போட்டார். வைகாசியில் கச்சான் காற்று எழும்பினால் அந்தப் புகை முழுவதும் எங்கள் வீட்டுக்குள்தான். காயப்போட்ட வேட்டியிலும் சாமிப் படத்திலும் வெள்ளைத் தூள் படியும். அதைத் துடைத்துவிடலாம். ஆனால் என் மனைவிக்குத் தொய்வு, அந்த மூச்சிழுப்பு நோய். புகை வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சை இழுப்பாள்.

சூளைக்காரரிடம் இரண்டு முறை போய்க் கேட்டேன். "உமக்காகக் காத்தைக் கட்டி வைக்க ஏலுமோ?" என்றார். அதன் பிறகுதான், கோணேசருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு, வழக்குப் போட்டு நீதவான் கோடு ஏறினேன். அறுபதுகளில் நடந்தது இது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எனக்காக வழக்காட ஒரு புரொக்டரும் இல்லை. நீதவானுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளரோ கொழும்பிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். கடவுளை நினைத்துச் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னேன்:

"கச்சான் வந்தா எங்களுக்கு வீட்டில இருக்க ஏலாது ஐயா. மனிசிக்கு மூச்சு முட்டுது."

அவர் அதை இங்கிலீசில் சொன்னார். நீதவான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எங்களூர்க்காரரான எதிர்ப்பக்கப் புரொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அண்ணை, அப்பிடியெண்டா நீங்கள் கச்சான் விக்கிற மனிசியிலயல்லோ வழக்குப் போட்டிருக்க வேணும்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காற்றை மொழிபெயர்ப்பாளர் வறுத்துத் தின்கிற கடலை ஆக்கிவிட்டார். இரண்டுக்கும் எங்களிடம் ஒரே பெயர்தானே. கோடு முழுக்கச் சிரித்தது. புரொக்டருக்கு உண்மை தெரியும். தெரிந்துகொண்டே திருத்தவில்லை. அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீதவான் இடத்தை நேரில் பார்ப்பதாகச் சொன்னார். தவணைக்கு மேல் தவணை போய், அவர் வந்தது மார்கழியில். அப்போது வாடைக்காற்று. சூளை எரிந்துகொண்டுதான் இருந்தது. புகை மறுபக்கம் பற்றைக்காட்டுக்குள் போனது.

"இப்ப உம்மட வீட்டுக்குப் புகை வருகுதோ எண்டு ஐயா கேக்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"இல்லை. ஆனா கச்சான்..."

"திரும்பவும் கச்சான் கதையோ? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்."

முழு உண்மையும் சொல்வேன் என்று சத்தியம் செய்தவன், இன்னொரு சிரிப்புக்குப் பயந்து பாதியில் நின்றேன். வழக்குத் தள்ளுபடியானது.

கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்த மனைவி, அவர்கள் போனபின் கேட்டாள்:

"இஞ்சேருங்கோ, வாயால சொல்ல ஏலாட்டி, மேற்கைக் காட்டி ஒருக்கா ஊதியெண்டாலும் காட்டியிருக்கலாமே?"

அடுத்த வைகாசியில் முதல் காற்று அடித்த அன்றே அவளை ஈச்சிலம்பற்றில் அவளுடைய தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். புரட்டாதி கழியக் கூட்டிவரப் போனேன். முகம் தெளிந்திருந்தது. பேச்சில் இழுப்பு இல்லை.

"எனக்கு இஞ்ச மூச்சு வருகுது," என்றாள். "அங்க வரச் சொல்லிக் கேக்காதேங்கோ."

கேட்க எனக்கு முகமும் இல்லை. தனியாகத்தான் பஸ் ஏறினேன்.