படிக்காமல் விட்ட சீட்டு

பிள்ளைகளா,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் போனில் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "எப்படிப்பா இருக்கீங்க?" நானும் ஒரே பதிலைச் சொன்னேன். "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன்." அதில் பாதிதான் உண்மை. மீதியை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் பத்தாவது வரை படித்து, பல வருஷம் உபதேசியாராக இருந்து, நாற்பது வயதுக்கு மேல் குருப்பட்டம் வாங்கி சபைக்கு ஐயரானவன். பிரசங்கம் எழுதித்தான் பழக்கம். எங்கேயாவது பிரசங்கம் மாதிரி வந்துவிட்டால் அந்த இடத்தைத் தாண்டிப் படியுங்கள்.

இந்த ஊருக்கு நான் மாற்றலாகி வந்து நாலு வருஷம். சீர்காழிக்குக் கிழக்கே, இன்னும் கொஞ்ச தூரம் போனால் கடல். கோவிலை ஒட்டிய குருமனையில் இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. உங்கள் அம்மா போன பிறகு ஒரு அறையை நான் திறப்பதே இல்லை. பகலில் யாராவது வந்து போவார்கள். ஞானஸ்நானச் சான்று கேட்பார்கள், வீட்டுக்கு ஜெபிக்கக் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். வேலை எதுவும் இல்லாமல் என்னிடம் வருகிறவர் ஒரே ஒருவர்தான்.

அவர் நம் சபையில் மூப்பர். என் வயதுதான். ஊரில் முதன்முதலில் போர்வெல் போட்டு பம்புசெட் வைத்தவர், அதனால் பம்புசெட்டுக்காரர் என்றே பெயராகிவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "பேப்பர் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வருவார். குருமனைக்கு வருகிற பேப்பரை நான் காலையில் பிரிப்பதில்லை. அவர் வந்து பிரித்து, சத்தமாகப் படித்தால்தான் எனக்கு அது செய்தி. மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி, எந்த நாட்டில் எந்த நாடு குண்டு போட்டது, எந்த ஊரில் பட்டாசு ஆலை வெடித்தது, எல்லாம் படிப்பார். நடுநடுவே, "இதை ஞாயித்துக்கிழமை சேத்துக்குங்க ஐயரே" என்பார். பொது ஜெபத்துக்கு நான் அதைக் குறித்துக்கொள்வேன். ஒருநாள் அவரே கேட்டார்.

"உலகத்துல சண்டை போடுறவனுக்கெல்லாம் ஜெபம் பண்ணுறீங்க. நம்ம ஊருக்கு ரெண்டு நாளா டவுன் பஸ் வரல, அதுக்கு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"சீட்டு எழுதிப் போடுங்க, படிக்கிறேன்."

போட்டார். படித்தேன். கோவிலே சிரித்தது. செவ்வாய்க்கிழமை பஸ் வந்தது. நான் போட்ட டீயை வாயில் வைத்துவிட்டு, "பஸ்ஸை வரவெச்சிட்டீங்க, இந்த டீக்கு ஒரு வழி பண்ணுங்க ஐயரே" என்றார்.

அந்தச் சீட்டு எங்கள் சபையின் பழக்கம். கோவில் வாசலில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும், மூடியில் ஒரு கீறல். ஜெபம் வேண்டுகிறவர்கள் துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே போடுவார்கள். பெயர் எழுதத் தேவையில்லை. மகன் விசா, முழங்கால் வலி, மாடு நல்லபடி கன்று போட, மருமகள் கோபம் தணிய. நான் எல்லாவற்றையும் ஆராதனை நடுவில் எழுதியபடியே படிப்பேன், சபை ஆமென் சொல்லும். பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட அப்போது விழித்திருப்பார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் நம் பக்கத்தை விட்டுப் போய் நாளாகிவிட்டது, அதனால் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். போர்த் தண்ணீர் உள்ளவர்கள் குறுவை போட்டு, புரட்டாசிக் கடைசியில் அறுப்பார்கள். அதே நாட்களில் கடைமடையில் இருப்பவர்கள், வாய்க்கால் தண்ணீர் எட்டாமல், காய்ந்த மண்ணில் சம்பா விதையைத் தெளித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே கோவில், ஒரே வாரம். ஒரு பெஞ்சுக்கு வெயில் வேண்டும், பின் பெஞ்சுக்கு மழை வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டின்னைத் திறந்தால் மழை கேட்டு ஏழு சீட்டு. குத்தகைக்குச் சாகுபடி செய்கிற ஒரு அம்மா, "விதைச்சதை குருவி பொறுக்குது ஆண்டவரே" என்று மட்டும் எழுதியிருந்தார். எட்டாவது சீட்டில், "நெல் கொள்முதல் நிலையத்தில் கிடக்கிறது. எடை போடும் வரை மழை வேண்டாம்" என்று இருந்தது. எழுத்துகள் எல்லாம் இடதுபக்கம் சாய்ந்து, காற்றடித்த பயிர் மாதிரி இருந்தன. கையெழுத்து எனக்குத் தெரியும். பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டு வைக்கும் பம்புசெட்டுக்காரர்தான்.

இரண்டையும் ஒரே மூச்சில் படித்தால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மழை வேண்டும், மழை வேண்டாம் என்று சபையே ஆண்டவர் முன்னால் நின்று குழம்புவது முறையா என்றும் நினைத்தேன். ஏழு பேர் பக்கம் நியாயம் கூடுதல் என்றும் நினைத்தேன். இவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள். எட்டாவது சீட்டை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டு, மற்ற ஏழு சீட்டையும் உருக்கமாகப் படித்தேன். அவர் வழக்கம்போல் மூன்றாவது பெஞ்சில் இருந்தார். கடைசிச் சீட்டு முடிந்து நான் ஆமென் சொன்னபோது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் பாட்டு எண்ணைச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிடித்த மழை வெள்ளிக்கிழமை வரை விடவில்லை.

மறைக்காமல் எழுதுகிறேன். முதல் இரண்டு நாள் எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் குத்தகை அம்மா போன் செய்து, "ஐயரே, விதையெல்லாம் மொளை மூக்கு விட்டுருச்சு, உங்க ஜெபம்" என்று அழுதார். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். நான் "எல்லாம் ஆண்டவர்" என்று சொல்லிக்கொண்டு, உள்ளுக்குள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பம்புசெட்டுக்காரர் வரவில்லை. மழை, அதனால் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

மழை விட்ட பிறகும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பெஞ்சில் அவர் இடம் காலி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கை பழக்கத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிடும். ஒன்றைக் குடித்துவிட்டு இன்னொன்றையும் ஆறிப்போன பிறகு நானே குடிப்பேன். பேப்பர் மடித்தபடியே மேஜையில் ஏறிக்கொண்டே போனது. நானே பிரித்துப் படிக்கலாம், கண் நன்றாகத்தான் இருக்கிறது. என்னவோ கை போகவில்லை. அந்த ஞாயிறு பொது ஜெபத்தில் உலகத்தில் நடந்தது எதுவுமே இல்லை. சபைக்கு அது தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிற ஐயர், ஒரு சைக்கிள் சத்தத்துக்காக ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைத்தான் போனில் உங்களிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மொபெட்டை எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். ரோட்டோரம் நீளத்துக்கு நெல் அம்பாரம், மேலே படுதா. தூரத்திலேயே புளித்த வாடை. அவரும் அவர் சம்சாரமும் படுதாவை விலக்கிவிட்டு, தார் ரோட்டின் பாதியில் நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு கை அள்ளிப் பார்த்தேன். நெல்லுக்கு நெல் வெள்ளையாக முளை.

"வாங்க ஐயரே" என்றது அவர் சம்சாரம்தான். அவர் நிமிரவில்லை.

"ஐயருக்கு சேர் இல்ல இங்க. சாக்குல ஒக்காருறதுன்னா ஒக்காரச் சொல்லு."

"இப்படிப் பெய்யும்னு நெனைக்கலைங்க" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தார். "மழைய நீங்களா பெய்ய வெச்சீங்க? அவ்வளவு சக்தி உங்களுக்கு இருந்தா நான் உங்களைத் தூக்கிட்டுப் போயி மேட்டூர் அணையிலயே ஒக்கார வெச்சிருப்பேன்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை.

"அப்புறம் ஏன் வரலை?"

"என் சீட்டு என்னாச்சு?"

 டின்னில் ஒட்டிக்கொண்டிருந்தது, பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்து போனது. ஊழியக்காரனுக்கும் வரும், பிள்ளைகளா.

"பாத்தேன். படிக்கலை."

"எங்க வெச்சீங்க?"

"பைபிளுக்குள்ள."

"நல்ல எடமாத்தான் பாத்து வெச்சிருக்கீங்க." மறுபடி குனிந்து நெல்லைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே பேசினார். "ஏழு பேரு மழை கேட்டாங்க, தப்பில்ல. அந்தக் குத்தகைக்காரம்மா வெதைக்கு நானும்தான் ஆமென் சொன்னேன். எனக்கு வெயிலு கெடைக்கலன்னு நான் கோவிச்சுக்கல. குடுக்குறது, குடுக்காதது ஆண்டவரு இஷ்டம். அத்தனை பேரு நடுவுல என் கஷ்டமும் ஒரு தடவை அவரு காதுல விழணும்னு எழுதினேன். நீங்க தபால்காரரு ஐயரே. லெட்டரைப் பிரிச்சுப் படிச்சு, இது நியாயம், இது நியாயமில்லன்னு பாத்துத்தான் பெட்டியில போடுவீங்களா?"

 செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெல்லுக்குள் இறங்கினேன். காலைத் தரையோடு இழுத்துச் சால் சாலாக நடந்தால் அடி நெல் மேலே வந்து காயும். சின்ன வயதில் செய்தது.

"ஐயரே, நெல்லுக்கு நோவுமேன்னு நடக்குறீங்க" என்றார் அந்த அம்மா. "கால அழுத்தி இழுங்க."

பதினொரு மணி முதல் வெயில் இறங்கும் வரை மூன்று பேரும் நடந்தோம். கிளம்பும்போது அவர், "செருப்பு அங்க கெடக்கு" என்று மட்டும் சொன்னார். காய்ந்த கொஞ்சத்தைப் பிறகு எடை போட்டார்கள். முளைத்ததை வாத்து மேய்க்கிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்களாம்.

அடுத்த ஞாயிறு சீட்டுகளைப் படிக்கும் முன் நான் சபையிடம் சொன்னேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சீட்டை நான் படிக்காமல் மறைத்துவிட்டேன், அது என் தப்பு, இனி டின்னில் எது விழுந்தாலும் ஒரு எழுத்துக் குறையாமல் படிப்பேன் என்றேன். பிறகு பைபிளிலிருந்து அந்த எட்டாவது சீட்டை எடுத்துப் படித்தேன். எடை போடும் வரை மழை வேண்டாம். மழை பெய்து முடிந்துவிட்டது, நெல் முளைத்துவிட்டது, யாரும் சிரிக்கவில்லை. குத்தகை அம்மாவின் ஆமென் எல்லார் குரலுக்கும் மேலே கேட்டது. பம்புசெட்டுக்காரர் வந்திருந்தார், ஆனால் கடைசி பெஞ்சில். ஆசீர்வாதம் சொல்லி நான் கையை இறக்குவதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டார்.

சாயங்காலம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டால் முடிந்துவிடும் என்று எத்தனை வீட்டில் நான் புத்தி சொல்லியிருக்கிறேன்! கேட்ட பிறகும் வாசல் வெறிச்சென்றுதான் இருக்கும் என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கே தெரிந்திருக்கவில்லை. உங்கள் அம்மா இருந்திருந்தால், "அவரு வரலன்னா நீங்க போங்க" என்று விரட்டியிருப்பாள். இரண்டு தரம் அவர் வீடு வரை போனேன். இரண்டு தரமும் அவர் வயலில் இருப்பதாகச் சொன்னார்கள். குறுவை அறுத்த வயலில் தாளடி நடவு, பொய்யில்லை.

போன ஞாயிறு டின்னில் நாலு சீட்டு. மூன்றைப் படித்தேன். நாலாவதைப் பிரித்ததும் சாய்ந்த எழுத்து.

"ஐயர் குருமனையில் பேச ஆள் இல்லாமல் இருக்கிறார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பதை ரோட்டில் போகும்போது பார்க்கிறோம். அவருக்காக."

கை பைபிளை நோக்கிப் போனது, பிள்ளைகளா. உண்மையாகவே போனது. பொத்தி வைக்க அதுதான் பழகிய இடம். ஆனால் ஒரு எழுத்துக் குறையாமல் என்று இதே இடத்தில் நின்று சொன்னவன் நான். அத்தனை முகமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. படித்தேன். என் தனிமையை என் குரலிலேயே சபைக்குப் படித்தேன். "பேச ஆள் இல்லாமல்" என்ற இடத்தில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. சபை ஆமென் சொன்னது. நான் சொல்லவில்லை.

அன்று மத்தியானம்தான் நீங்கள் போன் செய்தீர்கள். நான் நல்லா இருக்கேன் என்றேன். கோவிலில் படித்ததைப் பெற்ற பிள்ளைகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அன்று சாயங்காலமும் அவர் வரவில்லை. நேற்று, செவ்வாய்க்கிழமை, ஐந்தேகால் மணிக்குச் சுவரில் சைக்கிள் மோதுகிற சத்தம் கேட்டது.

"பேப்பர் எங்கே?"

நாட்கணக்கில் மடித்தபடி கிடந்த அடுக்கைக் காட்டினேன். அவர் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் அடியில், மழைக்கு முன்பே வந்து கிடந்ததை உருவிப் பிரித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"டெல்டா மாவட்டங்கள்ல மழைக்கு வாய்ப்பு இருக்காம் ஐயரே."

டீ அவருக்கும் எனக்கும் சரியாக இருந்தது. ஏழு மணிக்குப் போய்விட்டார். இன்றைக்கு வருவாரா, தெரியாது. நடவு இன்னும் முடியவில்லை. நீங்கள் அடுத்த தடவை போன் செய்யும்போது அதே கேள்வியைக் கேளுங்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன் என்றால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதீர்கள்.

அப்பா