சஷ்டியில் சுட்ட மரை

2025 ஒக்டோபர் 18, சனிக்கிழமை, காலை ஏழே முக்கால் மணி. நூறு யார் தூரத்து மரம் தெரியாத மூடுபனி, ஒன்பது பாகைக் குளிர். ரிச்மண்ட் பார்க்கில் காய்ந்த பெரணிப் புதர்களின் ஓரம் நின்ற எனக்கு முதலில் வந்தது நாற்றம். வெள்ளாட்டுக் கிடாயின் வாடையும் நாட்பட்ட மூத்திரமும் ஊறிய சேறும் ஒன்றாகித் தொண்டையின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் நாற்றம். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு பெரிய கலைமான், கழுத்தெல்லாம் சேறாக, ஏப்பம் விடுவதுபோலக் கத்திக்கொண்டு வெளியே வந்தது. அதைச் சுற்றிப் பதினேழு பெண்மான்கள் நின்றன. அவற்றைச் சுற்றி இருபத்துமூன்று மனிதர்கள் கமராவோடு நின்றார்கள். ஒருவர்கூட மூக்கைப் பொத்தவில்லை. ஒரு பெண் தன் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு அழகு என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் என் மருமகன் பிரதீபன். ஸ்ட்ரெதமில் மகள் வீட்டில் இருக்கும் நாட்களில் என்னை நடக்க வைப்பது அவருடைய வேலை.

"அடுத்த வருஷம் இதே நேரம் நான் கனடாவில நிப்பன், மாமா," என்றார். "எங்கட மனேஜர் மூஸ் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போறார். ஒபிசில அஞ்சு பேருக்குத்தான் இடம்."

மூஸ் என்பது நம் ஊர்க் காட்டின் பெரிய மானான மரைக்கு அண்ணன் முறை. குதிரையைவிட உயரம், கொம்பு கதவு அகலம்.

"கோழியையே நீங்கள் கடைக்காரனைக் கொண்டு வெட்டுவிச்சுத்தானே வாங்கிறனீங்கள்," என்றேன்.

"இது கஷ்டமில்லை, மாமா. பெட்டை கத்திற மாதிரி ஒரு சத்தம் குடுத்தாக் கிடாய் தானா நடந்து வரும். அந்த மாதம் அதுக்கு விசர். அதோட, மனேஜர் கூப்பிடேக்குள்ள மாட்டன் எண்டு சொல்லேலுமே?"

வருகிற புதன்கிழமை கந்தசஷ்டி தொடங்குகிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதோடு அறுபது வருடத்துக்கு முந்திய ஒரு சஷ்டியும்.

அப்பா கணித ஆசிரியர். வன்னியில், ஒரு குளத்தின் அலைகரையை ஒட்டிய இரண்டு ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்கு அவரைத் தலைமையாசிரியராக அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எங்கள் வீடு, நாங்கள் நால்வர். அம்மா, அப்பா, பதினொரு வயது நான், நாலு வயதுத் தங்கை வதனி. வதனிக்குத் "தொய்வு". மழைக்காலம் வந்தால் அவளுடைய மூச்சு இரவிலும் பகலிலும் பழைய கதவுபோலக் கிரீச்சிடும். யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டால் அரை மணியில் அடங்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் எங்களுக்கும் நடுவே மழைக்கு மூழ்கும் தெரு மதகுகள் மூன்று இருந்தன. அதனால் அப்பா மாற்றம் கேட்டு எழுதினார். எழுதி எழுதி நான்காவது விண்ணப்பமும் போய்விட்டது. அம்மாவுக்கு அந்த வருடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மார்கழி மழைக்கு முன் யாழ்ப்பாணம் போய்விட வேண்டும்.

ஐப்பசியில் வித்தியாதிகாரி பள்ளிக்கூடம் பார்க்க வந்தார். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் கனம் விளங்காது. ஆசிரியர்களை நியமிக்கவும் தூக்கி எறியவும் அந்தப் பகுதியில் அதிகாரமுள்ள ஒரே மனிதர். அவர் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சம்பவத் திரட்டு என்ற பள்ளிக்கூடக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காட்டைப் பார்த்தார்.

"மாஸ்ரர், உம்மட ரான்ஸ்பர் கடுதாசி என்ர மேசையிலதான் கிடக்கு," என்றார். "அது கிடக்கட்டும். இந்தப் பக்கம் மரை நல்லாப் படுமாமே?"

அப்பா வாழ்நாளில் முட்டைகூடத் தொடாதவர். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, "ஓம் ஐயா, ஒழுங்கு செய்யிறன்," என்றார். அந்தக் கட்டிய கைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஊரில் வேட்டைக்காரன் என்று பெயரெடுத்தவன் செல்லத்துரை. அவனிடம் இருந்தது அனுமதியில்லாத ஒரு "துவக்கு", பழைய துப்பாக்கி. அதற்கு அனுமதி எடுத்துத் தரக்கூடிய பெரிய மனிதர் எவராயினும் அவர் காலடியில் கிடப்பான். "மரை எண்டா இந்த மாதந்தான் ஐயா," என்று வித்தியாதிகாரியிடம் பல்லை இளித்தான். "கிடாய்க்கு இப்ப கண்ணும் தெரியாது, காதும் கேளாது. சின்னப்பிள்ளையும் சுடும்." சொன்ன பிறகுதான் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். வித்தியாதிகாரி சிரித்தார்.

வேட்டைக்குக் குறித்த நாள் சஷ்டியின் மூன்றாம் நாளாக வந்து விழுந்தது. அப்பாவும் அம்மாவும் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுப்பவர்கள். வேறு நாள் வைக்கலாமோ என்று கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. புறப்படும்போது அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "நீயும் போ. வெறும் வயித்தோட போறார். இரத்தம் கண்டா அவருக்குத் தலை சுத்தும். முழங்கையைப் பிடிச்சுக்கொண்டு நில்," என்றார். அப்படித்தான் நான் வேட்டை பார்த்தேன்: ஒரு கை அப்பாவின் முழங்கையில்.

விடிந்து கொஞ்ச நேரம். குளத்துக்கு மேற்கே ஒரு சேற்றுப் பள்ளம். வித்தியாதிகாரியும் அவருடைய நண்பர்கள் இருவரும் ஒரு பாலை மரத்தின் பின் நின்றார்கள். செல்லத்துரை இரண்டு பழைய மரைக்கொம்புகளை எடுத்து ஒன்றோடொன்று மோதினான், பிறகு மரப்பட்டையில் உரசினான். இன்னொரு கிடாய் வந்து நிற்கிறது என்று நினைத்துச் சண்டைக்கு வருமாம். வந்தது. வருமுன்பே அதன் நாற்றம் வந்துவிட்டது. வயிறு ஒட்டி, கழுத்து வீங்கி, வாயில் நுரை வழிய, தன் மூத்திரத்தில் தானே புரண்ட சேறு உடம்பெல்லாம் காய்ந்திருக்க, பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்று, இல்லாத அந்த எதிரியைத் தேடியது. ஆறு கிளைக் கொம்பு. எங்கள் ஒன்பது பேரில் ஒருவரையும் அது பார்க்கவில்லை. முதல் வெடி பட்டும் தலையைக் குனிந்து மரத்தோடு சண்டைக்குப் போனது. மூன்றாம் வெடிக்கு விழுந்தது. ஒரு நோயாளியைக் கட்டிலில் வைத்துச் சுட்டதுபோல இருந்தது. அதற்கு அந்த நண்பர்கள் கைதட்டினார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பிறகு படம் எடுக்க வேண்டும் என்றார் வித்தியாதிகாரி. கமரா ஜீப்பில், ஜீப் பள்ளிக்கூடத்தில். ஆள் போய் வர இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. படம் எடுக்கும்வரை அதன் வயிற்றைக் கீறவோ தோலில் கை வைக்கவோ விடவில்லை. வெயில் ஏறியது, இலையான் மொய்த்தது. அவர் அதன் விலாவில் ஒரு சப்பாத்தை ஊன்றி நின்று படம் எடுத்தார், தொப்பியோடு ஒன்று, தொப்பியில்லாமல் ஒன்று.

அந்த ஊரில் வேட்டைக்கு ஒரு முறை இருந்தது. காட்டில் இறங்கிய ஒவ்வொருவனுக்கும் இலை விரித்துப் "பங்கு" வைப்பார்கள். பங்கு குறைந்தால் கத்திக்குத்துவரை போகும். அன்றைக்குச் செல்லத்துரையோடு சேர்த்து ஊரவர் நான்கு பேர். நான்கு இலை விரித்து நான்கு பங்கும் வைத்தார்கள். ஒருவன் கூட எடுக்கவில்லை.

"சஷ்டி, மாஸ்ரர்," என்றான் செல்லத்துரை தரையைப் பார்த்துக்கொண்டு. மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொன்னார். "பாத்தியே, காட்டுச் சனம் எண்டு நாங்கள் நினைக்கிறம். முருகனை நினைச்சுப் பங்கையே விட்டிட்டாங்கள்." விரதக்காரரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று இறைச்சிக்குப் பதிலாக ஆளுக்கு மூன்று ரூபாயும் கொடுத்தார். அதை அவர்கள் விரதத்தோடு வாங்கிக்கொண்டார்கள்.

இனிச் சமைக்க வேண்டும். அயலில் எவளாவது வந்து சமைத்துத் தருவாள் என்று அம்மா நம்பியிருந்தார். கேட்ட மூன்று வீட்டிலும் சஷ்டி என்றார்கள். கடைசியில் வளவின் கோடியில், வேலிக்கு அப்பால் மூன்று கல் வைத்து, இரவல் சட்டியில், வாழ்நாளில் இறைச்சியை மணந்தும் பாராத என் அம்மா சமைத்தார். சேலைத் தலைப்பை மூக்கில் கட்டியிருந்தார். சட்டி கொதிக்கத் தொடங்கியதும் எழுந்த ஆவிக்கு வதனி இருமினாள்; நான் கிணற்றடியில் போய் வாந்தி எடுத்தேன். அம்மா இன்னும் மிளகு போட்டார், இன்னும் சீரகம் போட்டார், இறக்கி வைத்துவிட்டு, "இறைச்சி எண்டா இப்பிடித்தானாக்கும்," என்றார். ருசி பார்க்க முடியாது, பார்த்தாலும் தெரியாது. எங்களுக்கு எல்லா இறைச்சியும் நாற்றந்தான். இது வேறு நாற்றம் என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

வித்தியாதிகாரியும் நண்பர்களும் பிள்ளைகள் உட்காரும் பள்ளிக்கூட வாங்கில் வாழையிலை போட்டு இருந்தார்கள். அப்பா வாங்கி வைத்திருந்த சாராயத்தில் அரைவாசி முடிந்திருந்தது. வித்தியாதிகாரி பெரிய துண்டாக எடுத்து வாயில் வைத்தார். இரண்டு தரம் மென்றார். மூன்றாம் தரம் தாடை அசையவில்லை.

"எப்பிடி ஐயா?" என்று அப்பா கேட்டார்.

"ம்." விழுங்கினார். கண்ணில் நீர் வந்தது. நண்பர்கள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களும் ஒவ்வொரு துண்டு விழுங்கினார்கள். "திறம்," என்றார் ஒருவர் தண்ணீரைக் கையில் எடுத்தபடி.

"மற்ற ஆக்களுக்குப் பங்கு குடுத்தாச்சோ?" என்றார் வித்தியாதிகாரி.

"ஒருத்தரும் எடுக்கேல்லை ஐயா. எல்லாரும் சஷ்டி."

"செல்லத்துரையுமோ?"

"ஓம் ஐயா, அவனுந்தான்," என்றார் அப்பா பெருமையோடு.

திறம் என்றவருக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. "செல்லத்துரை சஷ்டியோ? போன சஷ்டிக்கு எனக்கு உடும்பு பிடிச்சுத் தந்து, அதில பாதியை என்னோட இருந்து திண்டவன்."

வித்தியாதிகாரி இலையை மெதுவாக மடித்தார்.

"அப்ப, ஊர் தின்னாததை எனக்குச் சமைச்சனீர், மாஸ்ரர்."

"ஐயோ, இல்லை ஐயா," என்றார் அப்பா. உண்மையைத் தவிர வேறு ஒன்றும் சொல்லத் தெரியாதவர், அந்த நேரத்திலும் உண்மையைச் சொன்னார். "எங்களுக்கு இதில நல்லது கெட்டது தெரியாது. ஆர் சாப்பிட்டாலும் எங்களுக்கு ஒரே நாத்தந்தான்."

ஜீப் போன பிறகும் அப்பா கைகளைக் கட்டியபடியே நின்றார்.

மாற்றம் வரவில்லை. மறுப்பும் வரவில்லை. அந்தக் கடுதாசி மேசையிலேயே கிடந்தது. மார்கழி பிறந்து எட்டாம் நாள், இரண்டு மதகுக்கு மேலால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது, வதனிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பரந்தனிலிருந்து ஒரு கார் மூன்றாவது மதகுவரை வந்து நின்றது. அப்பா அவளைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இரண்டு மதகையும் கடந்தார். காரில் ஏற்றியபோது உயிர் இருந்தது. ஆனையிறவு தாண்டவில்லை.

செத்த வீட்டுக்குச் செல்லத்துரை வந்தான். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவனிடம் கேட்டார்: "அந்த மாதத்துக் கிடாயை மனிசர் தின்னேலாது எண்டு உனக்குத் தெரியுந்தானே. ஏன் சொல்லேல்லை?"

"வித்தியாதிகாரி சுட்டதை நாறுது எண்டு நான் எந்த வாயால சொல்ல, அம்மா?" என்றான்.

அப்பா கடைசிவரை வேறு மாதிரி நம்பினார். சஷ்டியில் அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றியதற்கான தண்டனை என்றார். செத்துப்போகும்வரை ஒவ்வொரு சஷ்டிக்கும் ஆறு நாளும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தார். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. முருகனுக்கு இதில் என்ன வேலை. ஒரு மிருகத்துக்குப் புத்தி பேதலித்த மாதத்தில், அதைவிடப் புத்தி பேதலித்து ஒரு நாற்காலிக்கு முன்னால் நாங்கள் எல்லாரும் நின்றோம். சுட்டவர் தாம் சுட்டது நாறுகிறது என்று ஒப்பவில்லை, தின்றவர் தாம் தின்றது நாறுகிறது என்று சொல்லவில்லை, தெரிந்தவர்கள் சாமியின் பெயரைச் சொல்லி நழுவினார்கள். அந்த ஊரில் அன்றைக்கு நாறியது மரை மட்டுமல்ல.

ரிச்மண்ட் பார்க்கில் பனி விலகியது. நான் பிரதீபனிடம் கேட்டேன்: "தம்பி, அங்க உங்கட மனேஜர் ஒண்டைச் சுட்டு, அது வாயில வைக்கேலாமல் நாறினா, நாறுது எண்டு சொல்லுவீங்களோ?"

அவர் சிரித்தார். "முதல் ப்ரமோஷன் வரட்டும், மாமா. பிறகு சொல்லுறன்."

நல்ல பிள்ளை, என் மகளை நன்றாக வைத்திருக்கிறார். நான் அவருக்கு முன்னால் காருக்கு நடந்தேன்.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. சண்டையில் சுவர்கூட மிஞ்சவில்லை என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். அந்தக் காட்டில் மரை படுவதுமில்லையாம். வித்தியாதிகாரி என்ற பதவியே ஒழிந்துவிட்டது. அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். வதனிக்கு ஒரு படம்கூட இல்லை, அந்தக் கமராவில் அவளை ஒருவரும் எடுக்கவில்லை. எஞ்சியிருப்பது என் தலைக்குள் கிடக்கும் கணக்குத்தான். சாராயம் மூன்று போத்தல் இருபத்தேழு ரூபாய், தோட்டா பதினைந்து, அரிசி, தேங்காய், கறிச்சரக்கு பதினொன்றே கால், தீட்டான இரவல் சட்டிக்குப் பதில் புதுச்சட்டி இரண்டரை, வண்டிக்கூலி ஆறு, விரதக்காரருக்குப் பன்னிரண்டு. கார்க்காரர் போக வர ஐம்பது பேசியிருந்தார். திரும்பி வந்த வழிக்கு வாங்க மாட்டேன் என்று இருபத்தைந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆக மொத்தம், அப்பாவுக்குத் தொண்ணூற்றெட்டு ரூபாய் எழுபத்தைந்து சதம்.