லிஃப்ட்காரரின் பத்து நிமிடம்

தெருவில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்காவது ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் அவருக்கு ஃபோன் வரும்; தட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார். "இவரப் பெக்கும்போதே கால்ல சக்கரத்தக் கட்டிவிட்டுட்டாங்க" என்பாள் மனைவி. அவள் யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் காலர் வைக்கும் வேலை பார்த்தாள். அவர்களுக்கு ஒரே மகள், வயது ஏழு. செய்யும் சேட்டைக்கு வீட்டில் அவள் பெயர் வாலு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்க்கப் போன வாலு தொப்பென்று விழுந்தாள். "கால் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுப்பா" என்றாள்.

"உன் கால் உன்ன மாதிரிதானே இருக்கும்?" என்று அவர் சிரித்தார். அன்று கணக்குப் பரீட்சை.

புதன்கிழமை அவளால் நிற்க முடியவில்லை. வியாழன் காலை கரண்டி கையில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில், வாயில் குழாயோடு, இயந்திரம் கொடுத்த மூச்சில் படுத்திருந்தாள்.

டாக்டரம்மா இருவரையும் நிற்க வைத்தே சொன்னார். "கிருமிய அடிக்க வேண்டிய ஒடம்பு, தன் நரம்பையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. மூச்சு விடுற தசையும் தளர்ந்துபோச்சு. ஆனா புத்தி தெளிவா இருக்கு. நாம பேசுறது எல்லாம் அவளுக்குக் கேக்கும்."

"சரியாயிடுமா டாக்டர்?"

"நிறைய பேருக்குச் சரியாகுது. எப்போன்னு கேட்டா எனக்கே தெரியாது. இன்னும் ரெண்டு வாரம் தாண்டணும்."

உள்ளே போய்ப் பார்க்கக் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். ஒருவர் மட்டும். மற்ற நேரமெல்லாம் வெளியே, இரும்புச் சட்டத்தில் வரிசையாக முடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் கதி. மனைவி உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் நடப்பார். தண்ணீர் இயந்திரம் வரை, ஜன்னல் வரை, மறுபடி கதவு வரை. தாகம் இல்லாமல் தண்ணீர் பிடித்து, குடிக்காமல் கொட்டுவார். ஒரு நாற்காலியின் போல்ட் தளர்ந்திருப்பதைக் கண்டு, பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து முறுக்கினார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. "சார், இது ஆஸ்பத்திரி. ஒர்க் ஷாப் இல்ல" என்று காவலாளி வந்து சொன்னார். "ஆடுது" என்றார் இவர். "ஆடினா நாங்க பாத்துக்கறோம், நீங்க உக்காருங்க." அவர் உட்கார்ந்தார். அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் கதவு திறக்கும்போது, "நீ போ. அம்மாவத்தான் தேடுவா" என்று மனைவியை அனுப்பிவிடுவார். நான்காம் நாள் காலை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஏங்க, உண்மையச் சொல்லுங்க. எனக்காகவா விட்டுக் குடுக்கறீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அவ விழுந்தப்ப சிரிச்சேன்" என்றார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?"

"நான் மட்டும் என்ன செஞ்சேன்? மட்டம் போடப் பாக்குறியான்னு அதட்டுனேன். அதுக்காக உள்ள போகாம இருக்கேனா?" அவள் கதவைக் காட்டினாள். "நான் உள்ள போறப்பல்லாம் அவ கண்ணு என் தோளத் தாண்டி கதவப் பாக்குதுங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்? போங்க, போய் நில்லுங்க."

போனார். நர்ஸ் கொடுத்த பச்சை அங்கியை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். கட்டிலில் மகள் அசையாமல் கிடந்தாள். கண்கள் மட்டும் அவர் பக்கம் திரும்பின. ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாளா இப்படித்தான் அழறா" என்றார் நர்ஸ். "வலிக்கு மருந்து போகுது. அப்புறமும் ஏன்னு புரியல."

அவருக்கு ஆறுதல் சொல்ல வராது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவது. கத்தினால் வெளியே சரியாகக் கேட்காது. அதனால் தட்டச் சொல்வார். அதே குரலில் ஆரம்பித்தார்.

"வாலு, அப்பா வெளிய நிக்கறேன். பயப்படாத. நான் கேக்கறதுக்கு, ஆமான்னா ஒரு தடவ கண்ண மூடு. இல்லைன்னா ரெண்டு தடவ. புரிஞ்சுதா?"

இமைகள் மெல்ல இறங்கி ஏறின. ஒரு தடவை.

"பயமா இருக்கா?" இரண்டு தடவை. "வலிக்குதா?" ஒன்று. "தலையா? கழுத்தா? கையா?" இரண்டு, இரண்டு, இரண்டு. "காலா?" ஒன்று. "வலதா?" இரண்டு.

போர்வையை விலக்கினார். இடது காலில் கம்பளிக் காலுறை, குதிகால் பகுதி முறுக்கிக்கொண்டு முன்னால் வந்திருந்தது. கழற்றினார். மடிப்பு அழுத்திய இடத்தில், சுண்டுவிரலோரம், தோல் வழன்று சிவந்து கிடந்தது. மெதுவாக நீவிவிட்டார்.

"இதுதானா?"

ஒரு தடவை. திறக்கவே மனமில்லாத மாதிரி, நீளமாக.

நேரம் முடிந்துவிட்டிருந்தது. நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு எதையோ எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்து சொன்னபோது மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, ஏசி குளிருமேன்னு நான்தாங்க மாட்டிவிட்டேன்!" அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது. அன்று மாலையிலிருந்து உள்ளே போக இருவருக்கும் சண்டை. கட்டிலின் தலைமாட்டில் நர்ஸ் ஒரு தாள் ஒட்டினார்: 'ஒன்று – ஆம். இரண்டு – இல்லை.'

ஒன்பதாம் நாள் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. இரண்டு நாள் யாரையும் விடவில்லை. கதவு திறக்கும் சத்தத்துக்கெல்லாம் இருவரும் எழுந்து, யாரோ துணி மூட்டையோடு போவதைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்கள். அந்த இரண்டு நாளைப் பற்றி அவர்கள் பிறகும் பேசிக்கொண்டதில்லை.

பதினாறாம் நாள் கட்டைவிரல் அசைந்தது. இருபத்து நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள்.

"என்னடா வேணும் உனக்கு?" என்று குனிந்து கேட்டார் டாக்டரம்மா.

"தண்ணி." தகரத்தில் ஆணி கீறின மாதிரி ஒரு குரல்.

"இப்பக் குடிக்கக் கூடாதும்மா."

"அப்ப எதுக்குக் கேட்டீங்க?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாலு நடக்க நான்கு மாதம் பிடித்தது. இப்போதும் படி ஏறும்போது கைப்பிடியை விடுவதில்லை. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பெயர் கொடுத்து, எல்லோரும் முடித்துத் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்க நின்று, பந்தயமே சரியாக நடத்தவில்லை என்று டீச்சரிடம் சண்டைக்குப் போனாள்.