வெள்ளை மாமாவின் விளக்கீடு

எங்கள் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்க்கப் போதுமான அளவு அவரிடம் இருந்தது. மிச்சத்தைத் தம் சொந்த அறிவால் நிரப்பிக்கொள்வார். அப்படி நிரப்பியதால்தான், ஒரு கார்த்திகை மாதச் சனிக்கிழமை இரவு, கோட்டும் சூட்டும் போட்டு, நெற்றியில் திருநீறும் கையில் ஒரு டப்பா உழுந்துவடையுமாக, ஒன்பது வயதான என்னையும் கூட்டிக்கொண்டு அவர் முயல் சுடப் போனார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆங்கிலேயர் நாட்டில், நோர்பரி என்ற இடத்தில் ஒரு வாடகை வீட்டில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மா கைக்குழந்தையாக இருந்த தம்பியோடு கொழும்பில் நின்றுவிட்டார். விசாவுக்காக இரண்டு முறை நேர்முகத்துக்குப் போய், இரண்டு முறையும் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். மூன்றாவது நேர்முகம் வருகிற திங்கட்கிழமை. அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் முறையிட்டார். போதாதென்று விரதங்களையும் கூட்டிக்கொண்டே போனார். அந்த மாதம் முழுக்க எங்கள் சட்டியில் மீன் விழவில்லை.

பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர் ஒரு வெள்ளைக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று அப்பா கண்டித்து வைத்திருந்ததால் நான் அவரை வெள்ளை மாமா என்றேன். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். அவர்தான் ஒருநாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, சனிக்கிழமை இரவு லாம்பிங் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னார்.

எங்கள் ஊரில் லாம்பு என்றால் மண்ணெண்ணெய் விளக்கு. அப்பா சிரித்த முகத்தோடு உள்ளே வந்து, "பிள்ளை, இவையளுக்கும் விளக்கீடு இருக்காம்" என்றார். அவருக்கு அதில் வியப்பே இல்லை. நவம்பர் தொடக்கத்தில்தான் வெள்ளைக்காரர்கள் தெருவெல்லாம் வாணம் விட்டு ஒரு வைக்கோல் பொம்மையைக் கொளுத்தியிருந்தார்கள். அதைச் சூரன்போர் என்று அவர் ஏற்கனவே முடிவு கட்டியிருந்தார். சூரன்போர் முடிந்தால் அடுத்தது கார்த்திகை விளக்கீடுதானே. நேர்முகத்துக்கு முன்னால் இப்படி ஓர் அழைப்பு வந்ததைப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவே உழுந்தை ஊறப்போட்டார்.

மாமாவின் பழைய வான் வண்டியில் குரொய்டனைத் தாண்டி, தெருவிளக்குகள் இல்லாத பக்கமாகப் போனோம். வழியில் மாமா பேசிக்கொண்டே வந்தார். போகிற இடத்தில் வயல் வைத்திருக்கும் கமக்காரரின் கோழிகளை ஒரு நரி தூக்கிக்கொண்டு போகிறதாம். அதைச் சுட்டுக்கொடுத்தால்தான் இனிமேலும் அந்த நிலத்தில் மாமா முயல் சுடலாமாம். மனைவி இறந்தபிறகு சனிக்கிழமைகளில் அவருக்கு இருந்தது அந்த நிலம் ஒன்றுதான். எனக்கு எல்லாம் விளங்கியது. அப்பா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டிவிட்டு, கோயில் இன்னும் தூரமோ என்று என்னிடம் மெல்லக் கேட்டார். அவருடைய சிரித்த முகத்தைக் கெடுக்க மனமில்லாமல், கிட்டத்தான் என்றேன்.

வயலோரத்தில் வான் நின்றது. மாமா பின்கதவைத் திறந்து முதலில் துவக்கைத்தான் எடுத்தார். அப்பா வடை டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவபூசையில் கரடி என்பார்கள். எங்கள் விளக்கீட்டில் நரியும் முயலும். ஆனால் வரமாட்டேன் என்று சொல்வதற்கும் ஆங்கிலம் வேண்டும். வண்டியில் இருந்த பற்றரியில் கம்பியை மாட்டி, சட்டிமூடி அளவு பெரிய விளக்கு ஒன்றை மாமா அப்பாவின் கையில் கொடுத்து, இருட்டில் மெல்லச் சுழற்றும்படி காட்டிக்கொடுத்தார்.

லாம்பிங் என்றால் இதுதான். வெளிச்சம் பட்டால் முயல் ஓடாது. அப்படியே குந்தியிருந்து விளக்கைப் பார்க்கும். மாமா மூன்று முயல்களைச் சுட்டார். மூன்றாவது வேலியோரத்தில் எங்கோ இருந்தது. என் கண்ணுக்கு அது கல்லா முயலா என்றே தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அப்பா விளக்கை அசையாமல் பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார். வாய் முருகா முருகா என்றது. சேற்றில் அவருடைய சப்பாத்து தெரியவில்லை. கமக்காரரும் வந்து எங்களோடு நின்றார். நரிக்காகக் காத்திருந்தோம்.

அது வந்தபோது நடுச்சாமம். வயலின் நடுவில் இரண்டு கண்கள் முதலில் தெரிந்தன. பிறகு முகம் தெரிந்தது. நோர்பரியிலும் நரி உண்டு, ஆனால் எங்கள் குப்பைப்பையைக் கிழித்துவிட்டு ஓடுகிற வாலைத்தான் கண்டிருக்கிறோம். இது நேரே எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல அப்பா விரதம், துவக்கு, கமக்காரர் எல்லாவற்றையும் மறந்துபோனார்.

"பிள்ளை, நரி முகம். வடிவாப் பார். கொழும்பில இப்ப விடியுது. கொம்மா நரி முகத்தில முழிக்கிறா, இனி ஒருத்தராலும் மறிக்க ஏலாது" என்றார். விளக்கு முதன்முறையாக ஆடியது.

மாமா துவக்கைத் தோளில் வைத்திருந்தார். கண்ணை எடுக்காமலே, உன் அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டார். பெற்றோர் தினமானாலும் டொக்டரானாலும் அப்பா சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வது என் வேலை. அன்றைக்கும் அதையே செய்தேன். "இந்த நரியின் முகத்தைப் பார்த்தால் எங்கள் அம்மா வந்துவிடுவாவாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து வெடி கேட்டது. நரிக்கு வெகு முன்னால், எங்கள் பக்கமாக மண் கிளம்பியது. நரி திரும்பி, அவசரமே இல்லாதது போல வேலிக்குள் நுழைந்துவிட்டது. கமக்காரர் கோபமாக ஏதோ சொல்லிவிட்டு வீட்டுப்பக்கம் நடந்தார்.

"கண் மங்கிவிட்டது என்று உன் அப்பாவிடம் சொல்" என்றார் மாமா. சொன்னேன். அப்பாவுக்கு அவர்மேல் பாவமாகப் போய்விட்டது. வயசு போனால் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று தமிழிலேயே ஆறுதல் சொல்லி, ஆறிப்போன வடையில் இரண்டை எடுத்து அவர் கையில் வைத்தார். இருட்டில் நின்று மூவரும் சாப்பிட்டோம்.

அம்மாவுக்கு விசா கிடைத்தது. பங்குனியில் தம்பியோடு வந்து இறங்கினார். முருகன் தந்தது என்று அம்மாவும், நரி தந்தது என்று அப்பாவும் நெடுநாள் வாதாடினார்கள். வெள்ளை மாமா அதன்பிறகு சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார். எங்கள் வேலியைத் திருத்தினார், தம்பிக்குச் சைக்கிள் பழக்கினார். அவருக்கு வயது போய்விட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். குறி தவறிய கதையைச் சொல்லி நான் அவரைக் கேலிகூடச் செய்திருக்கிறேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் காலமான பல வருடங்களுக்குப் பிறகு, அதே கதையை என் பிள்ளைகளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு வந்தவள், மூன்றாவது முயலைச் சொல்லி முடித்த இடத்தில் நின்றுபோனேன். கல் மாதிரித் தெரிந்த முயலைச் சுட்ட கண், அத்தனை பெரிய நரியை எப்படித் தவறவிடும்? நான் பேசி முடிக்கும்வரை அவர் சுடாமல் காத்திருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்த மனிதருக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அந்த வயலில் நின்றபோது, அப்பா சொன்னதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். சனிக்கிழமைகளில் அவருக்கென்று இருந்த அந்த ஒரே நிலத்தை அவரிடமே கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாது.