வெடிக்காமல் பார்த்த வேலை

எங்கட தொழிலில் ஒரு துன்பம்: ஒண்டும் வெடிக்காவிட்டால், இவனுக்கு ஏன் சம்பளம் எண்டு கேட்பினம். கொப்பன்ஹேகனுக்குத் தள்ளியிருக்கிற கோல்டிங்கில் ஒரு பெயின்ட் தொழிற்சாலை. பெயின்ட் கரைக்கிற தின்னரின் ஆவி நிற்கிற இடங்களில் மின்சாரப் பொறி பறக்காமலும், காஸ் கசிந்தால் அலறுகிற கருவிகள் பழுதாகாமலும் பார்க்கிறது என் வேலை. வெளிநாட்டில் ஷிஃப்ட் வேலை செய்து வயிறெரிந்த உங்களுக்கு மிச்சம் விளங்கும்.

டிரெக்டரின் சுங்கான்

ஒருநாள் டிரெக்டர் விருந்தாளிகளோடு தின்னர் அறைக்கு வந்தார். வாயில் புகையிலை அடைத்த சுங்கான், நல்லாய்ப் புகையுது. கதவில் புகைக்கக் கூடாதெண்டு ஆளுயரப் பலகை. நான் ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தேன்.

"இந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான்" என்றார். நான் அசையவில்லை. விருந்தாளிகள் பார்க்கினம். கடைசியில் சுங்கானை என் கையில் திணித்தார். "அணையாமல் பார்த்துக்கொள், இப்ப வாறன்."

வாய் கட்டின கருவி

பம்புக்குப் பக்கத்திலிருந்த காஸ் கருவி அந்தப் பனிக்காலம் முழுக்க அலறிக்கொண்டிருந்தது. அலறினால் மெஷின்கள் நிண்டுவிடும். எல்லாரும் வெளியில் குளிருக்குள் நிற்கவேணும். பிறகு திடீரெண்டு ஒரு கிழமை சத்தமே இல்லை. சந்தேகப்பட்டுப் போய்ப் பார்த்தால், போர்மன் யென்ஸ் அதின் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து றப்பர் பான்டும் போட்டிருக்கிறான்.

பையைக் கழற்றினேன். உடனே அலறல். பம்பு உண்மையாகவே ஒழுகி, அடியில் தின்னர் குளமாய் நின்றது. ஒரு பொறி பறந்திருந்தால் தொழிற்சாலையும் இல்லை, நாங்களும் இல்லை. எல்லாரையும் வெளியில் கொண்டுவந்து தலை எண்ணினேன். வெறும் சேர்ட்டோடு குளிரில் விறைத்துக்கொண்டு நின்ற யென்ஸ் கத்தினான்: "நீ பையைக் கழட்டாட்டில் இந்தக் கரைச்சலே இல்லை!"

ஆபத்தில்லாத யாழ்ப்பாணம்

என்னைப்போல தமிழ் அகதிகள் தங்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட மனுக்களெல்லாம் கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்த காலம் அது. என் மனிசி றஞ்சியும் மகளும் யாழ்ப்பாணத்தில். பக்கத்து வீட்டில் ஷெல் விழுந்ததெண்டு செய்தி வந்ததும் மனுக்களைப் பார்க்கிற கந்தோருக்குப் போன் எடுத்தேன். பேசின பெண் நல்ல மரியாதைக்காரி. அங்கே இப்ப ஆபத்தில்லை எண்டாள். "ஆர் போய்ப் பார்த்தது?" எண்டு கேட்டேன்.

"பார்க்கத் தேவையில்லை. ஆபத்தெண்டால் மேலிடம் எங்களுக்குச் சொல்லும்."

றஞ்சிக்கு எடுத்த பாடம்

மந்திரி மனுக்களை வேணுமெண்டே முடக்கிவைத்த விசயம் பாராளுமன்றம் வரை போய் நாறின பிறகுதான் அவை அசைந்தன. விமான நிலையத்தில் மகள் என்னை ஆரெண்டு தெரியாமல் தாயின் பின்னால் ஒளித்தாள். அதை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வேறென்ன கதைக்கிறதெண்டு தெரியவில்லை. குசினிக்குள் நின்று அடுப்பு, வயர், நைலோன் சீலை எண்டு பாதுகாப்புப் பாடம் எடுத்தேன். றஞ்சி பொறுமையாய்க் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, ஷெல்லடிக்குள்ள பங்கருக்குள்ள இருந்து பிள்ளைக்குப் பால் காய்ச்சினனான். இந்த அடுப்புக்கோ பயப்பிடச் சொல்லுறியள்?"

எது ஆபத்தான இடமெண்டு தீர்மானிக்கிற வேலை மட்டும், எந்த நாட்டிலும், சூடான அறைக்குள் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிற ஆளுக்குத்தான் கிடைக்கிறது.