பித்தளை ஜெட்டு

பெட்ரோலின் ருசி எனக்கு இன்றும் நாக்கில் இருக்கிறது. முதலில் சில்லென்று இனிப்பது போல வந்து, உடனே கசந்து, தொண்டைக்குள் இறங்கிக் காரும். எங்கள் ஊரில் அதோடு நறநறவென்று கொஞ்சம் தூசியும் சேர்ந்திருக்கும். மற்ற பிள்ளைகள் ஐஸ் குச்சி சப்பிய வயதில் நான் வாரத்துக்கு நாலு நாள் காலையில் ஒரு பித்தளைத் துண்டை உதட்டில் வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். நடுவில் ஊசிமுனை நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதற்கு 'ஜெட்டு' என்று பெயர். காரின் கார்பரேட்டருக்குள் பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும். அது அடைத்தால் கார் நகராது.

கார் எங்களுடையது மட்டும் அல்ல. மைன்ஸ் மூடிய மறு வருடம் அப்பாவும் பக்கத்து வீட்டு ஏழுமலை மாமாவும் சேர்ந்து வாங்கியது. கோலார் தங்கவயலில் கோரமண்டல் பக்கம், ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் 'லைன்' வீடுகளில் அப்போது வேறு யாரிடமும் கார் இல்லை. அப்பா ஷாப்டில், சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியில், கேஜுக்கு மணி அடித்தவர். ஆட்களை மேலேயும் கீழேயும் கொண்டுபோகும் இரும்புக் கூண்டுதான் கேஜ். ஏழுமலை மாமா அந்தக் கூண்டில் இறங்கிப்போய்ப் பாறையில் டிரில் பிடித்தவர். இருபத்தைந்து வருடம் பிடித்ததில் கல் தூசி நெஞ்சில் உறைந்துவிட்டது. நாலு அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூச்சு முட்டினால் ஆக்சிஜன் வைக்கப் பங்காருபேட்டை ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். கார் வாங்கியதே அதற்காகத்தான். மிச்ச நேரத்தில் சவாரி ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது இருவரின் திட்டம்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது, கார்தான் நன்றாக இல்லை. எத்தனை கை மாறி வந்ததோ தெரியாது. ஹார்ன் அடிக்காது. கைப்பிரேக் நிற்காது, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைக்க வேண்டும். இடது பின்கதவை உள்ளேயிருந்து கயிறு போட்டுக் கட்டியிருப்போம். மழை பெய்தால் டாப்பு ஒழுகும், வெயில் அடித்தால் ரேடியேட்டர் கொதிக்கும். எதை ரிப்பேர் செய்தாலும் அதற்குப் பக்கத்தில் இருப்பது பழுதாகும். மாமா அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். "இன்னா மச்சான், நமக்குத்தான் மூச்சு வாங்குதுன்னு பாத்தா இதுக்கும் வாங்குதே" என்று வாசற்படியில் உட்கார்ந்தபடி சிரிப்பார். சிரிப்பு இருமலாகும், இருமல் நிற்கும் வரை அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை பேட்டரி. ராத்திரியோடு செத்துவிடும். அதனால் அப்பா காரை எப்போதும் 'சைனைட் மேட்டின்' ஓரச் சரிவில்தான் நிறுத்துவார். சைனைட் போட்டுத் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய கல் மாவைக் கொட்டிக் கொட்டி எங்கள் ஊரில் மலை மலையாகக் குவித்திருக்கிறார்கள். அதைத்தான் அப்படிச் சொல்வோம். காலையில் கல்லை எடுத்துவிட்டு நாலு பேர் தள்ளினால் கார் தானாக உருண்டு, வேகம் பிடித்ததும் கியர் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பேட்டரி வேண்டியதில்லை. ஆனால் மாசி பங்குனியில் காற்று கிளம்பினால் அந்த மேட்டிலிருந்து மாவு பறக்கும். சோற்றில் விழும், காயப்போட்ட துணியில் படியும், கார்பரேட்டருக்குள்ளும் போகும். ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, "ஏன்பா, இதுல மாவா அரைக்கிறே? மொதல்ல அந்த மேட்டாண்டேந்து வண்டிய எடு" என்று திட்டினார். அப்பா சரி சரி என்றார், சாயங்காலம் திரும்பவும் அதே சரிவில் கொண்டுபோய் நிறுத்தினார். சமதரையில் நிறுத்தினால் பேட்டரி இல்லாமல் கிளப்ப முடியாது, சரிவில் நிறுத்தினால் ஜெட்டு அடைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது என் வாய்.

ஏன் என் வாய் என்றால், அப்பாவால் ஊத முடியாது. கீழே அவர் டிரில் பிடிக்காவிட்டாலும் அதே காற்றைத்தான் குடித்திருந்தார். மாமாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சுரங்கத்தில் இறங்கி உழைத்த இரண்டு ஆண்கள், ஒரு ஊசித் துளையில் காற்று விட முடியாமல் பதினோரு வயதுப் பெண்ணைக் கூப்பிடுவார்கள். ஊதி முடித்ததும் ஜெட்டை வானத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். துளையில் வெளிச்சப் புள்ளி தெரிந்தால் சுத்தம். "தெரிதா பாப்பா?" என்று அப்பா கேட்பார். "தெரிதுப்பா" என்றதும் வாங்கி மாட்டிவிடுவார். ஒரு தடவைகூட அவர் தானாகத் திருப்பிப் பார்த்ததில்லை, அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு அந்தக் கார் அறவே பிடிக்காது. நாக்கு வெந்து சாப்பாட்டில் காரம் தாங்காது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இவ வாயில தீக்குச்சி காட்டாதீங்கடி" என்பாள். வகுப்பே சிரிக்கும். வீட்டுக்கு வந்து அழுதால் அம்மா, "மாமாவுக்காகத்தானே" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவாள். மாமாவை எனக்குப் பிடிக்கும். காரை வெறுத்துக்கொண்டே மாமாவுக்காக ஊதினேன்.

தள்ளுவதற்கும் எங்கள் லைனில் ஒரு முறை இருந்தது. ஹார்ன் செத்துப்போனதால் அப்பா ஸ்பேனரால் கதவில் தட்டுவார், கேஜுக்கு மணி அடித்த அதே கணக்கில். இரண்டு தட்டினால் இறக்கு, அதாவது தள்ளு. மூன்று தட்டினால் உள்ளே ஆள் இருக்கிறார், நிதானமாகத் தள்ளு. ஒன்று தட்டினால் நிறுத்து. யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, தள்ள வந்தவர்கள் எல்லோரும் கேஜில் ஏறி இறங்கியவர்கள்.

அது பங்குனி மாதம். விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருக்கும். சரோஜா அத்தை, ஏழுமலை மாமாவின் மனைவி, எங்கள் கதவைத் தட்டவில்லை, இடித்தாள். மாமாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வந்து பின்சீட்டில் உட்காரவைத்தார்கள். முந்தின நாள் முழுக்க மேட்டிலிருந்து காற்று; கார் பானட் மேல் விரலால் பெயர் எழுதலாம். முதல் தள்ளிலேயே எஞ்சின் இரண்டு தும்மல் தும்மி நின்றது. அப்பா பானட்டைத் தூக்கி ஜெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். மற்றவர்கள் காரைத் திரும்பவும் மேட்டுக்கு ஏற்றினார்கள்.

ஊதினேன். காற்று போகவில்லை. திரும்ப ஊதினேன். பெட்ரோல் நாக்குப் புண்ணில் பட்டு உயிர் போயிற்று. அத்தை அழுதுகொண்டிருந்தாள், யாரோ "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள், அப்பா கையை நீட்டியபடி நின்றார். ஜெட்டை வானத்துக்கு நேராகப் பிடித்தேன். கருப்பாக இருந்தது. தெரியவில்லை என்று சொன்னால் இன்னொரு முறை ஊதச் சொல்வார்.

"தெரிதா பாப்பா?"

"தெரிதுப்பா."

இந்த ஒரு வார்த்தைக்குள் ஒரு பெரிய துரோகமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. நாக்கு எரிந்தது, அவ்வளவுதான். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அப்பா ஜெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது மாரிக்குப்பத்திலிருந்து பங்காருபேட்டை வழியாகப் போகும் ரயிலின் சத்தம் கேட்டது. கோரமண்டல் ஸ்டேஷன் எங்கள் லைனிலிருந்து கூப்பிடு தூரம். நாற்காலியோடு ஓடினால் பிடித்துவிடலாம். காலை வண்டி, அதில் பாதிப்பேர் தெரிந்தவர்கள், ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னால் நிறுத்தாமல் போகமாட்டார்கள். மாமா கண்ணைத் திறந்தார்.

"மச்சான்… ரயில்லயே… போயிடலாமா?"

"ஜெட்டு க்ளீனா கீது மச்சான். பாப்பா பாத்துட்டா. இந்தத் தபா புடிச்சுக்கும், ரயிலுக்கு முன்னாடி போய் நிப்போம்."

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அந்த மூச்சுத் திணறலிலும் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"பாப்பா பாத்துட்டாளா… அப்ப சரி. தள்ளுங்கப்பா."

மூன்று தட்டு கேட்டது. தள்ளினார்கள். கார் உருண்டு வேகம் பிடித்து, எஞ்சின் ஒரு முறை உறுமியபோது எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். நான்கூடக் கத்தினேன், பொய் பலித்துவிட்டது என்று நினைத்தேன். சரிவு முடிகிற இடத்தில் கார் இருமி, கறுப்புப் புகை விட்டு நின்றது. ஸ்டேஷனில் ரயில் ஊதிக் கிளம்பியது. ஒருவர் ஆட்டோ கொண்டுவரச் சைக்கிளில் பறந்தார். மற்றவர்கள் சமதரையிலேயே தள்ளுவோம் என்று ஓடிவந்து காரில் கை வைத்தார்கள். நான் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அப்பா பின்சீட்டைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.

பிறகு ஸ்பேனரால் கதவில் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

எல்லோரும் காரிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள்.

காரியம் எல்லாம் முடிந்து நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் அப்பா, யாரோ திரும்பவும் சரிவில் ஏற்றி நிறுத்தியிருந்த காருக்குப் போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெட்டைக் கழற்றினார், வேட்டியில் துடைத்தார், முதல் தடவையாக அவரே வானத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஊதப் பார்த்து முடியாமல், ஒரு ஒயரைப் பிரித்து அதிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்துக் குத்தி, குத்தி, மறுபடியும் பார்த்தார். மாட்டிவிட்டுக் கல்லை எடுத்துக் காரை உருட்டியதும், ஒருவரும் தள்ளாமலே எஞ்சின் பிடித்துக்கொண்டது. சீராக ஓடியது. சரோஜா அத்தை அந்தச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள்.

"இப்ப ஓடுதா?" என்றாள். "இப்ப மட்டும் ஓடுதா? ரயில்ல ஏத்தி இருந்தா எங்க ஆளு பொழச்சிருப்பாரு. உன் வீம்பு. உன் கார் வீம்பு."

அப்பா எஞ்சினை நிறுத்தினார். "ஆமா" என்றார்.

நான் ஜன்னலை விட்டு நகர்ந்தேன். அவர் உள்ளே வந்தபோது என் முகத்தைப் பார்த்தார், கேட்பார் என்று நினைத்தேன். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாவல?" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் காரை ஓட்டவில்லை. சரிவிலேயே நின்று, மாவு மூடி, டயர் மக்கி, ஒரு நாள் பழைய இரும்புக்காரன் வந்து துண்டு போட்டு எடுத்துப்போனான். அத்தை அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்து, பத்துப் பன்னிரண்டு வருடம் பேசவில்லை. மாமா இன்னும் சில மாதம்தான் இருந்திருப்பார் என்று லைனில் சிலர் சமாதானம் சொன்னார்கள். அந்தச் சில மாதம் அத்தைக்குச் சேர வேண்டியது.

அப்பாவும் அதே தூசியில்தான் போனார். கடைசி வாரம் தலையணைமேல் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். அப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அன்னிக்கு ஜெட்டுல…" என்று ஆரம்பித்தேன். "வுடு பாப்பா" என்று கையை அசைத்தார். அவர் போன பிறகு சவரப் பெட்டியில், பிளேடு காகிதத்தில் மடித்து அந்தப் பித்தளைத் துண்டு இருந்தது. இரும்புக்காரனிடம் காரைக் கொடுப்பதற்கு முன்னால் கழற்றி வைத்திருக்கிறார். ஏன் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும் என்றும் தோன்றுகிறது, தெரியாது என்றும் தோன்றுகிறது. ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் சின்னதாக வெளிச்சம் தெரிந்தது.

இப்போது நானும் அதே காலை ரயிலில்தான் பெங்களூர் வேலைக்குப் போகிறேன். லைனில் வாசலுக்கு வாசல் ஆட்டோவும் காரும் நிற்கின்றன. போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. ஷிப்டுக்கு ஊதிய சங்கு இல்லை, கேஜ் இல்லை, தட்டுக் கணக்கு தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள். சரிவில் முள்செடி மண்டிவிட்டது. சைனைட் மேடு மட்டும் அப்படியே இருக்கிறது, பங்குனியில் அதே மாவு பறக்கிறது.

சரோஜா அத்தையும் இருக்கிறாள். அப்பா போன பிறகு என்னோடு நன்றாகப் பேசுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டே, "உங்கப்பன் ஒரு வார்த்த திருப்பிச் சொல்லியிருந்தா நான் சண்ட போட்டு ஆறியிருப்பேன் மாலா. ஆமான்னுட்டுப் பூட்டாரு. நானும் பேசாமலே வுட்டுட்டேன்" என்று கண்ணைத் துடைத்தாள். ஜெட்டு என் கைப்பைக்குள் இருந்தது. நான் கீரைக் கட்டைப் பிரித்து அவளோடு ஆய்ந்தேன்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.